பரங்கிமலையிலிருந்து வெனிஸ்

வெனிஸுக்குப் போய் வந்து தமிழில் எழுதுகிற கட்டுரைக்கு ஒரு டெம்ப்ளேட் இருக்கிறது. ரயில் நிலையத்தின் படிகளில் இறங்கியதும் முதல் பத்தியிலேயே எழுதுபவருக்கு மூச்சு நின்றுவிடும். கொண்டோலாக்காரர் சொல்லும் விலையைக் கேட்டதும் மூச்சு திரும்பி வரும். அடுத்து சான் மார்க்கோ சதுக்கம், புறாக்கள், ரியால்தோ பாலம், பெருமூச்சுப் பாலத்துக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று ஒரு குட்டிக் கதை. நடுவில் ஒரு காப்பி, அதன் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்த அதிர்ச்சி. முடிவில் 'நம்ம கூவத்தையும் இப்படி வைத்திருந்தால்' என்று ஒரு பெருமூச்சு. ஆக, பெருமூச்சு இரண்டு தடவை வந்துவிடும்.

கிண்டலுக்காக மட்டும் சொல்லவில்லை. இந்த டெம்ப்ளேட்டுக்கு ஒரு காலத்தில் உண்மையான வேலை இருந்தது. ஆனந்த விகடனில் மணியன் பயணத் தொடர் எழுதிய நாட்களில், அதைப் படித்த பெரும்பாலானவர்களுக்கு பாஸ்போர்ட் என்பதே கண்ணால் பார்க்காத பொருள். அவர்களுக்குப் பதிலாக ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அவருக்கும் முன்னால் ஏ. கே. செட்டியார், 1940-ல் வந்த 'உலகம் சுற்றும் தமிழன்' காலத்திலேயே, கட்டடங்களை விட மனிதர்கள் மேல் கண் வைத்து எழுதினார். அந்த வழியை நாம் ஏனோ அதிகம் தொடரவில்லை. இன்று சேலையூரில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டே, வெனிஸ் சந்துகளில் யாரோ ஒருவர் வாய் திறக்காமல் மணிக்கணக்காக நடக்கும் வீடியோவைப் பார்க்கலாம். போய்ப் பார்த்துச் சொல்லும் வேலையை கேமரா எடுத்துக்கொண்டுவிட்டது. எழுத்துக்கு என்ன மிச்சம்?

உலகமே நேசிக்கிற நகரத்துக்குப் போவது திருப்பதிக்குப் போவது மாதிரி. பெருமாள் எப்படி இருப்பார் என்பது போவதற்கு முன்பே தெரியும். வீட்டுப் பூஜை அறையில், பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே, காலண்டரில் என்று எல்லா இடத்திலும் பார்த்த முகம்தான். நேரில் நிற்கக் கிடைக்கும் சில நொடிகளுக்குள் 'ஜருகண்டி' என்று தள்ளிவிடுவார்கள். வெளியே வந்த பிறகு, பார்த்தோமா, அல்லது ஏற்கெனவே தெரிந்ததைச் சரிபார்த்துவிட்டு வந்தோமா என்று குழப்பமாக இருக்கும். பத்து நாளில் ஏழு நாடு காட்டும் பேக்கேஜில் வெனிஸுக்கு விழுவது அரை நாள். அங்கே ஜருகண்டி சொல்வதற்குக் கொடி பிடித்த ஒரு கைடு இருப்பார். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பெருமாளிடம் கேட்பதற்கு நம்மிடம் ஏதாவது இருக்கும். பிள்ளைக்கு வேலை, மகளுக்குக் கல்யாணம், எதுவோ ஒன்று. வெனிஸிடம் கேட்பதற்கு நமக்கு என்ன இருக்கிறது?

இருக்கிறது என்பதுதான் என் கட்சி. தாம்பரம் - பீச் ரயில் மார்க்கத்தில் வாழ்கிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. அதைச் சொல்ல, எதிர்த்திசையில் நம் ஊருக்கு வந்த இரண்டு வெனிஸ்காரர்களை முதலில் படிக்க வேண்டும்.

*

முதல் ஆள் எல்லாருக்கும் தெரிந்தவர். மார்கோ போலோ சீனாவிலிருந்து கடல்வழியாக ஊர் திரும்பும்போது சோழமண்டலக் கரையைத் தொட்டதாகச் சொல்கிறார். 1298-ல் ஜெனோவாக்காரர்களின் சிறையில் இருந்தபோது அவர் சொல்லச் சொல்ல, உடன் கைதியாக இருந்த ருஸ்திகெல்லோ எழுதிக்கொண்ட புத்தகத்தில் நம் பகுதிக்கு 'மாபார்' என்று பெயர். இந்த நாட்டில் தையல்காரரே கிடையாது என்கிறார், ஏனென்றால் யாரும் தைத்த துணி போடுவதில்லை. ராஜாவும் இடுப்பில் ஒரு துணிதான், ஆனால் கழுத்து, கை, கால், விரல் எல்லாம் முத்தும் ரத்தினமும். புனித தோமாவின் உடல் இருக்கும் சின்ன ஊருக்கு வியாபாரிகள் அதிகம் வருவதில்லை, வருவதெல்லாம் யாத்ரீகர்கள், அவர்கள் அங்குள்ள சிவப்பு மண்ணைக் காய்ச்சலுக்கு மருந்தாக எடுத்துப் போகிறார்கள் என்று ஒரு பத்தி வருகிறது. தோமா எப்படி இறந்தார் என்ற கதையில் மயில்கள் வருகின்றன. காட்டில் மயிலுக்கு விட்ட அம்பு அவர் மேல் பட்டதாம். ஊரின் பெயரைப் போலோ சொல்லவில்லை. மயிலைச் சொல்லிவிட்டதால் நமக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. கடன் வாங்கியவன் இழுத்தடித்தால், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போடுவானாம். கடனை அடைக்காமலோ ஜாமீன் கொடுக்காமலோ அந்த வட்டத்தை விட்டு வெளியே வரக்கூடாது. வெளிநாட்டு வியாபாரி ஒருவருக்குத் தர வேண்டிய பணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ராஜாவையே, அவர் குதிரை மேல் இருந்தபோது, அந்த வியாபாரி வட்டம் போட்டு நிறுத்தியதைத் தன் கண்ணால் பார்த்ததாகப் போலோ சொல்கிறார். ராஜா அசையவில்லை. பணம் வந்த பிறகுதான் நகர்ந்தார்.

நடந்ததா, கட்டுக்கதையா என்று ஆராய்பவர்கள் ஆராயட்டும். எழுத்தாக இது ஏன் உயிரோடு இருக்கிறது என்று மட்டும் பார்ப்போம். வெனிஸ் வியாபாரிகளின் ஊர். புது இடத்தில் கடன் எப்படித் திரும்பி வரும் என்பது போலோவுக்கு வேடிக்கை இல்லை, பிழைப்பு. தனக்கு உண்மையிலேயே தேவைப்பட்ட ஒரு கேள்வியோடு அவர் இந்த ஊரைப் பார்த்தார். அதனால்தான் எழுநூறு வருஷம் கழித்து, குரோம்பேட்டையில் மாசம் ஐந்தாம் தேதி இஎம்ஐ கட்டுகிற ஒருவருக்கு அந்த வட்டம் உடனே புரிகிறது. தையல்காரர் இல்லாத நாடு என்பதில் சிரிப்புதான் இருக்கிறது. அது டூரிஸ்ட் வாக்கியம். வட்டம் அப்படியில்லை.

*

இரண்டாவது ஆளுக்குத் தமிழில் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை. நிக்கோலாவ் மனுச்சி. 1638-ல் வெனிஸில் பிறந்தவர். அப்பா ஊர் சுற்ற விடவில்லை என்பதால் 1650களின் தொடக்கத்தில், பதினாலு வயசு வாக்கில், கப்பலில் ஒளிந்துகொண்டு கிளம்பினார். அந்தக் கப்பலில் இருந்த பெலமாண்ட் பிரபு என்ற ஆங்கிலேயத் தூதர் பையனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். துருக்கி, பாரசீகம் வழியாக சூரத்துக்கு வந்தார்கள். ஆக்ராவுக்கும் டெல்லிக்கும் நடுவில் 1656-ல் தூதர் இறந்துபோனார். பையன் தனியாக நின்றான். பிறகு தாரா ஷுகோவின் படையில் பீரங்கிக்காரர். தாரா தோற்றதும், எந்தப் படிப்பும் இல்லாமல், வைத்தியர். ஊர்ப்பக்கம் கம்பவுண்டர் மெதுவாக டாக்டர் ஆகிற அதே நடைமுறைதான், என்ன, இவர் முகலாய இளவரசர் ஷா ஆலமின் அரண்மனை வரைக்கும் போய்விட்டார். நடுவில் ராஜா ஜெய் சிங்கிடம் வேலை பார்த்தபோது சிவாஜியையும் சந்தித்திருக்கிறார்.

1686-ல் சென்னை. அதே வருஷம் எலிசபெத் கிளார்க் என்ற விதவையைக் கல்யாணம் செய்துகொண்டார். அவருடைய அப்பா ஆங்கிலேயர், அம்மா போர்த்துகீசியர். கோட்டைக்கு வெளியே, பிளாக் டவுனில் ஒரு வீடு. பரங்கிமலையில் இன்னொன்று.

இந்தப் பரங்கிமலை வீட்டில்தான் நான் நின்றுவிடுகிறேன். தாம்பரத்திலிருந்து லோக்கல் ரயிலில் போகும்போது திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் தாண்டியதும் இடது பக்கம் கொஞ்ச நேரம் தெரியும் அந்த மலை. 1523-ல் போர்த்துகீசியர்கள் மேலே தேவாலயம் கட்டினார்கள். மனுச்சி வாழ்ந்த நாட்களில் இது நகரமே இல்லை. கோட்டையிலிருந்து நல்ல தொலைவில், வயலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு மேடு. இன்றைய மொழியில் சொன்னால் புறநகர். தாம்பரம் மார்க்கத்தின் முதல் புறநகர் எழுத்தாளர் என்று ஒருவருக்குப் பட்டம் கட்டுவதாக இருந்தால் இவருக்குத்தான் கட்டணும்.

அவர் எழுதிய 'ஸ்டோரியா டோ மொகோர்' என்ற பெரிய புத்தகம் சென்னையில் வாழ்ந்த காலத்தில் உருவானது. அதன் மொழியே ஒரு கதை. கொஞ்சம் இத்தாலியன், கொஞ்சம் போர்த்துகீசு, கொஞ்சம் பிரெஞ்சு. சொல்லச் சொல்ல எழுதுவதற்கு எந்த ஆள் கிடைத்தாரோ அந்த ஆளின் மொழி. வெனிஸில் பிறந்தவர், தன் புத்தகத்தை முழுக்கத் தன் தாய்மொழியில் எழுத முடியாத நிலைமையில் இருந்தார். இதை ஒரு குறையாகவே பலரும் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் காலை எட்டரை மணிக்குக் காது கொடுத்துக் கேட்டால் அதே மாதிரி ஒரு வாக்கியம் கிடைக்கும், தெலுங்கில் ஆரம்பித்து இந்தியில் திரும்பி 'சரி ஓகே டா' என்று முடிகிற வாக்கியம்.

புத்தகம் எப்படி? நேர்மையாகச் சொன்னால், சீராக இல்லை. பெர்னியர் என்ற பிரெஞ்சு வைத்தியர் முகலாய அரசவை பற்றி எழுதியதெல்லாம் தப்பு, நான் மட்டும்தான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன் என்று மார்தட்டுகிறார். பக்கத்தைத் திருப்பினால் அந்தப்புரம் பற்றி பஜாரில் கேட்ட வம்பு வண்டி வண்டியாக வருகிறது. தன் வைத்தியத் திறமை பற்றிச் சொல்கிற இடங்களில் நம்ம ஊர் சித்த வைத்திய விளம்பரம் தோற்றுவிடும். ஆனால் 1700களின் தொடக்கத்தில், நவாப் தாவூத் கானிடம் பேச கவர்னர் தாமஸ் பிட் இவரைத் தூது அனுப்பிய காலத்துக்கு வந்ததும் எழுத்து மாறிவிடுகிறது. வம்பு குறைந்து விவரம் கூடுகிறது. யாருக்கு என்ன பரிசு, அந்தப் பரிசு போதாது என்று யார் முகம் சுளித்தார், எந்த வார்த்தையை மொழிபெயர்க்காமல் விழுங்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு துபாஷியின் கவனத்தோடு வருகின்றன. தாவூத் கானுக்கு ஐரோப்பிய மதுபானங்கள் மேல் இருந்த பிரியம் அந்த நாளைய ராஜதந்திரத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போதுதான் புரிகிறது.

ஏன் இந்த இடங்களில் மட்டும் எழுத்து நிமிர்கிறது? மனுச்சி எதற்குள்ளும் முழுசாக இல்லை. ஆங்கிலேயருக்கு அவர் கத்தோலிக்கர். பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்களுக்கு அவர் நண்பர், ஆனால் சென்னைக்காரர். முகலாயர்களுக்கு வைத்தியர், ஆனால் பரங்கி. எல்லாருக்கும் அவர் தேவைப்பட்டார், யாருக்கும் முழுசாக வேண்டியவராக இல்லை. கோட்டைக்குள் உட்கார்ந்து எழுதப்பட்ட கம்பெனி ஆவணங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் ஒரு அதிகாரத் தூக்கம் இருக்கும். மனுச்சியிடம் அது இல்லை. கோட்டையின் விளிம்பில் வாழ்கிறவருக்குத் தூங்க வசதி கிடையாது. சஞ்சய் சுப்ரமணியம் 2011-ல் வந்த தன் 'த்ரீ வேஸ் டு பி ஏலியன்' நூலில் அந்நியராக இருப்பதன் ஒரு வகைக்கு மனுச்சியை எடுத்துக்கொண்டது பொருத்தம்தான். நான் அதோடு ஒன்று சேர்த்துக்கொள்வேன். அவர் அந்நியர் மட்டும் இல்லை, புறநகர்வாசி. இரண்டும் ஒன்றில்லை. அந்நியருக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருக்கிறது. புறநகர்வாசிக்கு தினமும் போக ஓர் ஊர் இருக்கிறது, அது அவருடையது இல்லை.

பிறந்த ஊர் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே முடிந்துவிடுகிறது. அழகான கால்வாய், நிலா, பாட்டு எதுவும் இல்லை. உலகம் நேசிக்கிற அந்த ஊரிலிருந்து தப்பி ஓடிய பையன் அவர். கடைசி வரைக்கும் திரும்பிப் போகவும் இல்லை. ஆனால் புத்தகம் போனது. முதலில் ஒரு பிரெஞ்சு அதிகாரி வழியாகப் பாரிஸுக்குப் போன பிரதியை, கத்ரூ என்ற பாதிரியார் வெட்டி ஒட்டித் தன் புத்தகமாக 1705-ல் வெளியிட்டார். விஷயம் தெரிந்த மனுச்சி கொதித்துப்போய் இன்னொரு பிரதியை வெனிஸின் செனட்டுக்கு அனுப்பினார். நீங்களாவது ஒழுங்காக அச்சடியுங்கள் என்று கோரிக்கை. வெனிஸ் அச்சடிக்கவில்லை. 1907-08-ல் வில்லியம் இர்வின் நாலு தொகுதியாக ஆங்கிலத்தில் கொண்டுவரும்வரை இருநூறு வருஷம் அது காத்திருந்தது.

*

இவ்வளவையும் படித்துவிட்டுப் போனதால்தான் மூன்று நாள் வெனிஸ் எனக்கு வேறு மாதிரி அமைந்தது என்று நினைக்கிறேன். இன்னொரு காரணம் காசு. நவம்பர் மாசமாக இருந்தும் தீவுக்குள் அறை வாடகை நமக்குத் தாங்காது. அதனால் மெஸ்த்ரேயில் தங்கினேன்.

மெஸ்த்ரே வெனிஸ் கட்டுரைகளில் வராது. வந்தாலும் 'விலை குறைவு' என்ற டிப்ஸாக வரும். நீருக்கு இந்தப் பக்கம், நிலத்தில் இருக்கும் புறநகர் அது. பஸ், டிராம், அடுக்குமாடி, சூப்பர் மார்க்கெட், இன்னும் கொஞ்சம் தள்ளி மார்கேராவின் தொழிற்சாலைகளும் கப்பல் கட்டும் தளமும். மெஸ்த்ரேயிலிருந்து சாந்தா லூசியா ரயில் நிலையத்துக்குப் பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே, 1846-ல் திறந்த பாலத்தின் வழியாக, தண்ணீர் மேலே. காலையில் அந்த ரயிலில் ஏறினால் யார் பயணி, யார் ஊர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். பாலத்துக்கு வந்ததும் பயணிகள் எழுந்து ஜன்னலுக்குப் போவார்கள். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். ஹோட்டலில் படுக்கை விரிக்கிறவர்கள், சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், முகமூடியும் கண்ணாடிப் பொருளும் விற்கிறவர்கள். 1931-லிருந்து மின்சார ரயில் ஓடும் நம் மார்க்கத்தில் வளர்ந்த எவருக்கும் அந்தக் கண்மூடல் தெரியும். உட்கார இடம் கிடைத்தவர்களின் தூக்கம் அது.

எண்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வெனிஸின் தீவு நகரத்தில் 1951-ல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2022-ல் அது 50,000-க்கும் கீழே போய்விட்டது. வெனிஸ் மாநகராட்சியின் பெரும்பான்மை மக்கள் இப்போது நிலத்தில், மெஸ்த்ரே பக்கம். ஊர் ஒன்றுதான், ஆனால் ஒரு பகுதி பார்ப்பதற்கு, இன்னொரு பகுதி இருப்பதற்கு. 2024 ஏப்ரல் 25-லிருந்து, குறிப்பிட்ட சில நாட்களில், பகலில் மட்டும் வந்து போகும் பயணிகளிடம் தீவுக்குள் வர 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள். மியூசியத்துக்கு வாங்குவது மாதிரி. மெஸ்த்ரே ஹோட்டலில் தங்குகிறவர்களும் மாநகராட்சிக்குள் அடக்கம் என்பதால் அவர்களுக்குக் கட்டணம் கிடையாது. புறநகருக்கு வெனிஸ் கொடுத்த ஒரே மரியாதை இதுதானோ என்று தோன்றியது.

தனியாகப் பிரிந்துவிடலாமா என்று 1979-லிருந்து 2019 வரை ஐந்து தடவை பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். ஐந்து தடவையும் பிரியவில்லை. நாம் பிரிந்தவர்கள், சரியாகச் சொன்னால் சேரவே இல்லை. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. சென்னைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இன்னொரு மாநகராட்சி. மாவட்டமும் செங்கல்பட்டு. இன்றைக்கும் மேற்குத் தாம்பரத்தில் வயசானவர்கள் 'மெட்ராஸ் போய்ட்டு வரேன்' என்றுதான் சொல்வார்கள், போவது சைதாப்பேட்டையாக இருந்தாலும்.

மெஸ்த்ரே ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் பியாவே தெருவில் வங்காளதேசக்காரர்களின் கடைகள் நிறைய. கப்பல் தளத்தில் வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்களின் ஊர் அது. மளிகைக் கடை ஒன்றில் பச்சை மிளகாய் வாங்கும்போது கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "வேலூர் பக்கத்துலதானே பாய்?" என்று இந்தியில் கேட்டார். அவருடைய அம்மாவை ஆபரேஷனுக்கு வேலூர் கூட்டிப்போய் ஒரு மாசம் லாட்ஜில் இருந்திருக்கிறார். எங்கள் ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கோயில் இல்லை, மெரினா இல்லை. ஆஸ்பத்திரி வரிசை, சோறு விலை, லாட்ஜில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்துச் சமைக்க விடுவார்களா என்கிற விவரம். நீங்க வெனிஸுக்குள்ள போவீங்களா என்று கேட்டேன். "வேலை இருந்தா போவேன்" என்றார். சுற்றிப் பார்க்கவா என்று கேட்டதற்கு, தங்கச்சி குடும்பம் வந்தபோது ஒரு தடவை படம் எடுக்கப் போனதாகச் சொன்னார்.

போலோவின் வட்டத்தை நான் திரும்ப நினைத்துக்கொண்டது அந்தக் கடையில்தான். அம்மா உயிருக்காக வேலூரைப் பார்த்தவர் வேலூரைப் பார்த்திருக்கிறார். நான் வெனிஸை அப்படிப் பார்க்கவில்லை.

*

வெனிஸ் என்ற பெயர் நம் பக்கத்தில் அடிக்கடி அடிபடுவது பயணக் கட்டுரையில்கூட இல்லை, மழைக்காலத்தில். 'வெனிஸ் ஆன வேளச்சேரி', 'முடிச்சூரில் படகு சவாரி' என்று மீம்ஸ் வரும். 2015 டிசம்பர் 1-ஐ ஒட்டிய இருபத்து நாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் உண்மையாகவே படகு விட்டார்கள். மொட்டை மாடியிலிருந்து குழந்தைகளை இறக்குவதற்கு. அந்த உவமையை நான் சாதாரண ரசக்குறைவாகப் பார்க்கவில்லை. அது விமர்சனமாகவே தப்பு.

ஏனென்றால் வெனிஸ் வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஊர் இல்லை, தண்ணீரில் இருப்பது என்று முடிவெடுத்த ஊர். சேற்றுக்குள் லட்சக்கணக்கில் மரக்கழிகளை அடித்து இறக்கி, அதன் மேல் கல் வைத்து, அதன் மேல் கட்டிய ஊர். தன்னைச் சுற்றியுள்ள உப்பங்கழி இல்லாமல் போனால் தான் இல்லை என்பது அந்தக் குடியரசுக்குத் தெரியும். கழி மண்மேடாகிவிடக் கூடாது என்பதற்காக ஆறுகளையே திருப்பிவிட்டார்கள். அப்படியும் 2019 நவம்பர் 12-ல் கடல் மட்டம் 187 சென்டிமீட்டர் ஏறி ஊரை மூழ்கடித்தது. அடுத்த வருஷம் அக்டோபரில்தான் கழியின் மூன்று வாய்களிலும் 78 இரும்புக் கதவுகளை முதல் தடவையாக எழுப்பிக் கடலை நிறுத்தினார்கள். பல வருஷத் தாமதம், ஊழல் வழக்கு எல்லாம் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் உண்டு. அவர்கள் புனிதர்கள் இல்லை. இங்கே நாம் செய்தது நேர் எதிர். பள்ளிக்கரணைக் கழுவெளியில் பெரும்பகுதியைக் குப்பையாலும் கட்டடத்தாலும் மூடிவிட்டு, மிச்சத்துக்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம் வாங்கினோம். சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், பெயர் தெரிந்த எந்த ஏரிக்கரைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டுக் கட்டின வீடு எத்தனை என்று. 'வேளச்சேரி வெனிஸ் ஆனது' என்று சொல்வதற்கு, வேளச்சேரி முதலில் தன்னைத் தண்ணீரின் ஊர் என்று ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

*

கால்வினோவுக்கு வருகிறேன். வெனிஸ் பற்றிய இலக்கியப் பேச்சு எங்கே தொடங்கினாலும் அவரிடம்தான் வந்து நிற்கும். 1972-ல் வந்த 'புலப்படாத நகரங்கள்' நம் இளம் வாசகர்களிடம் ஒரு சின்ன மதம் மாதிரியே ஆகிவிட்டது. மார்கோ போலோ குப்ளாய் கானுக்கு 55 கற்பனை நகரங்களை வர்ணிக்கிறார். நீ உன் வெனிஸைப் பற்றி மட்டும் சொல்லவே இல்லையே என்று கான் கேட்கும் இடமும், போலோ சொல்லும் பதிலும் இன்ஸ்டாகிராமில் சூரிய அஸ்தமனப் படத்தின் மேல் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லா ஊரிலும் நம் ஊரைத்தான் பார்க்கிறோம் என்று அந்த இடத்தைச் சுருக்கிவிட்டோம். பயணிக்கு இதைவிட வசதியான தத்துவம் கிடையாது. எங்கே போனாலும் என் ஞாபகம்தான் என்றால் எதையும் கவனிக்க வேண்டியதில்லை.

யாரும் படம் போடாத நகரம் ஒன்று அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. பெந்தெசிலேயா. அதற்குள் நுழைகிற பயணிக்கு ஊருக்குள் வந்துவிட்டோமா, இன்னும் வெளியேதான் இருக்கிறோமா என்று தெரிவதே இல்லை. மணிக்கணக்கில் போகிறார். கொஞ்சம் வீடு, கொஞ்சம் பட்டறை, கொஞ்சம் வெறும் தரை. ஊர் எங்கே என்று கேட்டால் இதுதான் என்றும் இன்னும் தள்ளி என்றும் கையை வீசுகிறார்கள். வெளியேறவும் முடியாதோ என்ற பயம் கடைசியில் வருகிறது. ஊரே இல்லாத வெறும் புறநகர்.

மதுரையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வருகிற ஒருவரை கிளாம்பாக்கத்தில் இறக்கிவிட்டு 'சென்னை வந்தாச்சு' என்று சொல்கிற 2024-க்குப் பிந்தைய வாசகருக்கு பெந்தெசிலேயா கற்பனை நகரம் இல்லை. வண்டலூர் மிருகக்காட்சி சாலை, பெருங்களத்தூர், தாம்பரம், சானடோரியம், இன்னும் ஊர் வரவில்லை, ஆனால் ஊருக்குள்தான் இருக்கிறார். கால்வினோ இந்த நகரத்தைக் கொஞ்சம் திகிலோடும் கொஞ்சம் இளக்காரத்தோடும் எழுதியிருக்கிறார் என்பது என் வாசிப்பு. மையத்தில் வளர்ந்தவரின் திகில் அது. நடுவே இல்லாத ஊரில் மனுஷன் எப்படி வாழ்வான் என்று கேட்கிறார். பெந்தெசிலேயாவில் பேசுகிற மனிதர்கள் எல்லாரும் கையைக் காட்டுகிறார்கள், யாரும் ஒரு பெயர் சொல்வதில்லை, யாருக்கும் சாயங்காலம் வீடு திரும்பும் அவசரம் இல்லை. அந்த ஒரு நகரத்தை மெஸ்த்ரேக்காரர் யாராவது எழுதியிருந்தால் அது வேறு மாதிரி வந்திருக்கும். சானடோரியம் ஸ்டேஷனில் இறங்குகிறவர் எழுதினாலும்.

நாம் எழுதினோமா என்று கேட்டால், தமிழ்ப் புனைவில் சென்னை என்பது நீண்ட நாள் திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் தி. நகரும். அப்புறம் வடசென்னை, அது தேவையான திருத்தம். தாம்பரம் பெரும்பாலும் ரயில் நிற்கிற இடமாக வருகிறது, கதாபாத்திரம் ஊருக்குப் போகும்போது டீ குடிக்கிற இடமாக. 1928-ல் காசநோய்க்காக வந்த சானடோரியம், 1937-ல் காட்டுக்குள் குடிவந்த கிறிஸ்துவக் கல்லூரி, விமானப் படைத் தளம், தோல் பதனிடும் பல்லாவரம், இப்போது ஏரி மேல் அபார்ட்மென்ட் என்று இவ்வளவு இருந்தும். இதே ஆட்கள்தான் ஷெங்கன் விசா வாங்கிக்கொண்டு போய் வெனிஸில் பெருமூச்சுப் பாலத்தைத் தேடுகிறோம். பக்கத்து ஸ்டேஷனைப் பார்க்காத கண்ணால் அங்கே எதைப் பார்க்க முடியும்? வெனிஸ் கட்டுரையில் மெஸ்த்ரே இல்லாமல் போவதும் சென்னை நாவலில் தாம்பரம் இல்லாமல் போவதும் ஒரே பழக்கத்தின் இரண்டு கிளைகள்.

கடைசி நாள் மார்ச்சியானா நூலகத்துக்கு முன்னால் போய் நின்றேன். உள்ளே கையெழுத்துப் பிரதிகளைப் பார்க்க ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டும். நான் இல்லை. மனுச்சி செனட்டுக்கு அனுப்பிய பிரதியின் தொகுதிகள் அங்கேதான் இருக்கின்றன. கூட அனுப்பிய ஓவியத் தொகுதியை 1797-ல் நெப்போலியன் ஆட்கள் எடுத்துப்போனார்கள், அது பாரிஸில் இருக்கிறது. நூலகம் சான் மார்க்கோவை ஒட்டி, டோஜ் மாளிகைக்கு நேர் எதிரே. அங்கே நிற்கிற கூட்டம் முழுக்க நூலகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரே இருக்கும் மாளிகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த முதுகுகளுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், மூன்று மொழியில், தாவூத் கானைச் சமாதானப்படுத்த என்னென்ன கொடுக்க வேண்டியிருந்தது என்ற கணக்கு இருக்கிறது.